செவலையின் சிபாரிசு

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. அப்போது எனக்கு வயது பத்தொன்பது. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. பள்ளி இறுதி வகுப்பு பாஸ் செய்ததில் எங்கள் ஊரில் நான் இரண்டாவது ஆள். முதல் ஆள் பாஸ் செய்த கையோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அதனால் கடிதம் படிக்க, மனு எழுத, தந்தி வந்தால் அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் ஊரில் நான் ஒருவன்தான்.

மரியாதைக்குக் குறைவில்லை. வேலைதான் கிடைக்கவில்லை.

மூன்று இன்டர்வியூவுக்குப் போய் மூன்றிலும் மண்ணைக் கவ்வியிருந்தேன். முதலாவது தேனியில் பஞ்சு பிரிக்கிற ஒரு ஜின்னிங் பாக்டரி. காலையிலிருந்து காக்கவைத்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். காலையில் மனப்பாடம் செய்த 'குட் மார்னிங்'கை அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டாவது பெரியகுளத்தில். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன், அதுவும் முதலாளியின் நாற்காலியில். மூன்றாவது மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே நான் ஒரு தப்பும் செய்யவில்லை. வாயைத் திறந்தால்தானே தப்பு வரும்? நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவே மாட்டேன் என்றுவிட்டது.

அப்பா மாட்டுத் தரகர். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொண்டு அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் பத்து, இரண்டைப் பிடித்தால் இருபது. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஏழு வயதிலிருந்து அப்பாவோடு சந்தைக்குப் போனதில் இந்த வித்தை என் விரலிலேயே ஊறிப்போயிருந்தது.

அதுதான் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமாவது கை நீட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவன், "டேய், பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு வெலை சொல்லப் போறான்டா" என்பான். தரகர் என்றால் வாயைத் திறந்தால் பொய் என்று ஊரே நினைத்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு இன்டர்வியூ சொல்லிக்கொடுக்க முன்வந்தவன் என் கூடப் படித்த நண்பன், ராயப்பன்பட்டிக்காரன். அவனுடைய அப்பா அங்கே கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவனும் ஓர் இன்டர்வியூவுக்கும் போனதில்லை. ஆனால் இன்டர்வியூ என்றால் எப்படி இருக்கும் என்று அவனைப்போல் அடித்துச் சொல்ல ஆள் கிடையாது. இரண்டாவது வேலை கை நழுவின வாரமே ஒரு நோட்டில் பதினாறு கேள்வி, பதினாறு பதில் எழுதி எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்துவிட்டான்.

வீட்டுக்குள் வைத்துப் படித்தால் ஆத்தா சிரித்துச் சிரித்து அடுப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுவார் என்பதால் மாட்டுத் தொழுவுக்குப் போனோம். நண்பன் ஒரு ஓலைக் கொட்டானைத் தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்துக்கொண்டு உடைந்த உரல் ஒன்றின் மேல் உட்காருவான். அவன்தான் துரை. நான் உள்ளே நுழைந்து 'குட் மார்னிங், சார்' என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது தொழுவில் ஒரு செவலை மாடு நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தரகு போக அப்பா ஒன்றிரண்டு மாடுகளைச் சொந்தமாகவும் வாங்கி, பழக்கி, விற்பார். அப்படி வந்தது. நான் இங்கிலீஷில் வாயைத் திறந்தாலே அது புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தலையை ஆட்டி மணியைக் குலுக்கும். துரையாக உட்கார்ந்திருப்பவனுக்குக் கோபம் வந்துவிடும். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். பதினாறு பதிலும் முடிகிற வரைக்கும் சும்மா நின்றால் செவலைக்கு ஒரு கை ஊறின பருத்திக்கொட்டை. நாலே நாளில் அதற்குப் பிடிபட்டுவிட்டது. பதினாறாவது பதில் 'ஐ ஆம் ஹானஸ்ட் அண்ட் ஒபீடியன்ட், சார்.' நான் நேர்மையானவன், சொன்னபடி கேட்பவன் என்று அர்த்தம். அதை நான் முடிப்பதற்குள் செவலை கழுத்தை நீட்டி என் கையைத் துழாவ ஆரம்பித்துவிடும். இரண்டு மாசம் இது நடந்தது. எனக்குப் பதில் மறந்தாலும் அதற்கு மறக்கவில்லை.

நாலாவது கேள்வி, அப்பா என்ன செய்கிறார் என்பது. அதற்கு நண்பன் 'அக்ரிகல்ச்சரிஸ்ட்' என்று எழுதியிருந்தான். அது யார் மனசையும் புண்படுத்தாத வார்த்தை என்றான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஒரு நாள் அதை நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அப்பா வைக்கோலோடு உள்ளே வந்தார்.

"அதென்னலே, அக்ரி அக்ரின்னு?"

"விவசாயம்யா. நீங்க விவசாயம்னு சொல்றோம்."

"நமக்கு ஏதுலே நெலம்?" என்று சிரித்துவிட்டு, வைக்கோலைச் செவலைக்கு உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது சாதாரணமாகத்தான் பட்டது.

நான் மதுரையில் நாக்கு ஒட்டி நின்ற அதே நாளில் அப்பா செவலையைக் கம்பம் சந்தையில் விற்றுவிட்டார். யாரோ மலையிலிருந்து வந்தவர்கள் வாங்கிப் போனார்களாம். நான் தொங்கப்போட்ட முகத்தோடு வீடு வந்து சேர்ந்ததும் அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"நாலாவதா ஒண்ணு வந்தா போய்ப் பாரு. அதுவும் இல்லேன்னா அடுத்த மாசத்துலருந்து எங்கூடச் சந்தைக்கு வந்துரு. உனக்குக் கை நல்லாப் பேசுது. வாய்தான் பேச மாட்டேங்குது."

சந்தைக்குப் போனால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் அந்தத் துண்டுதான் என்று தோன்றியது. அடுத்த மூன்றாவது வாரம் நாலாவது கடிதம் வந்தது. குமுளியைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் உதவி குமாஸ்தா வேலை. வெள்ளைக்காரத் துரையே நேரில் பார்ப்பார் என்று போட்டிருந்தது.

நண்பன் கடிதத்தைப் படித்துவிட்டு, துரை முன்னால் கோட்டு இல்லாமல் நின்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்றான். மறுநாளே ஒரு கோட்டோடு வந்தான். உத்தமபாளையத்தில் படம் பிடிக்கிற ஸ்டுடியோவில் இரவல் வாங்கிவந்தது. ஒல்லி, குண்டு எல்லாரும் அதையே போட்டுக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்பதற்காக ஸ்டுடியோக்காரர் அதன் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு பக்கமும் நாடா வைத்திருந்தார். இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். முன்னால் பார்த்தால் தாசில்தார் மாதிரி இருந்தேன். பின்னால் பார்த்தால் திருடப் போன இடத்தில் நாய் கடித்துக் குதறியவன் மாதிரி இருந்தேன். ஆத்தா முன்பக்கம் பார்த்துத் திருஷ்டி கழித்தார், பின்பக்கம் வந்து சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

"ஒண்ணும் பயப்படாத. ஒரு துண்டைத் தோள்ல போட்டு முதுகுப் பக்கமா தொங்க விட்டுக்க. வெளிய வரும்போது துரைக்கு முதுகைக் காட்டாம பின்னாலயே நடந்து வந்துரு. அது மரியாதைன்னு நெனச்சுக்குவாரு" என்றான் நண்பன்.

வீட்டில் அந்த நீளத்துக்கு நல்ல துண்டு ஒன்றுதான் இருந்தது. அப்பாவுடைய சந்தைத் துண்டு. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

குமுளிக்கு பஸ். அங்கிருந்து இரண்டு மைல் நடை. சாரல் விடாமல் அடித்தது. எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் போய் நின்று குனிந்து பார்த்தால் காலில் நாலைந்து அட்டை. எனக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ் இருந்தது, ஒருவர் கழுத்தில் டை கூட இருந்தது. கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த பெரிய குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், ரத்தம் வழிகிற வெறுங்காலைப் பார்த்தார்.

"எந்தாடோ, குளிக்கவா போறே?" என்றார்.

மற்ற நாலு பேரும் உள்ளே போய் ஐந்து ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். மணி பதினொன்று. 'குட் மார்னிங், சார்' என்று சொன்னேன். நேரம் சரியாக இருந்தது. முதல் பதிலிலேயே தேறிவிட்டோம் என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

துரை சின்ன வயதுக்காரர். சீமையிலிருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்ததாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். பழைய துரைமார் யாரும் செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்தார். எழுந்து நின்று, மேஜைக்கு மேலாக என் பக்கம் கையை நீட்டினார்.

நண்பனின் நோட்டில் இது இல்லை. கை குலுக்குவது என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், ஒருவர் எதிரே நின்று கையை நீட்டினால் துண்டை எடுக்க வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் தோளில் கிடந்த துண்டை உருவி, துரையின் கைக்கும் என் கைக்கும் மேலாகப் போட்டு மூடி, உள்ளே அவருடைய இரண்டு விரலைப் பிடித்து ஓர் அழுத்தும் அழுத்திவிட்டேன்.

என்னை உள்ளே அழைத்துவந்த பெரிய குமாஸ்தா வாயைப் பிளந்தபடி நின்றார். நான் துண்டுக்குள்ளே துரையின் விரலைப் பிடித்தது பிடித்தபடி நின்றேன். விட்டால் என்ன ஆகுமோ, பிடித்திருந்தால் என்ன ஆகுமோ என்று ஒன்றும் விளங்கவில்லை. துரை மட்டும் குனிந்து துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் கம்பம் சந்தையில் பார்த்தேன்" என்றார் இங்கிலீஷில். "மாடு வாங்கும்போது செய்தார்கள். நீ மாட்டு வியாபாரம் செய்கிற குடும்பமா?"

"நோ சார். மை பாதர் இஸ் அன் அக்ரிகல்ச்சரிஸ்ட், சார்."

நாலாவது பதில் தண்ணீர் மாதிரி வந்தது. ஒரு தடங்கலும் இல்லை.

"மாட்டைப் பற்றித் தெரியுமா?"

இது பதினாறில் இல்லை. "எ லிட்டில், சார்" என்று வைத்தேன். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு, வா என்றார். வாசலில் போய் நின்றுகொண்டு, மரியாதைக்காரர் பாருங்கள், என்னை முன்னால் போகச் சொன்னார். அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நான் சுவரோரமாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தேன். வராந்தா திரும்புகிற இடத்தில் அதுவும் முடியவில்லை. கிழிசல் வழியாக மலைக் காற்று ஜில்லென்று முதுகில் அடித்தது. பின்னால் பெரிய குமாஸ்தா இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆபீஸுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. அதன் முன்னால் இரட்டை மாட்டு வண்டி ஒன்று பூட்டியபடி நின்றது. ஒரு கிழட்டு மாடு நின்றுகொண்டிருந்தது, மற்றது நுகத்தடியையும் இழுத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தது. பங்களாத் தோட்டக்காரர் அதன் வாலை முறுக்கிக்கொண்டிருந்தார். அது அவரைச் சட்டை செய்யவில்லை.

நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வலது கொம்பில் மழையில் வெளுத்துப்போன ஒரு சிவப்புத் துணி. செவலை!

"போன மாதம் கம்பத்தில் வாங்கினோம்" என்றார் துரை. "கொட்டகையில் நன்றாக நிற்கிறது. வண்டியில் பூட்டினால் படுத்துவிடுகிறது. சண்டி மாட்டைச் சொல்லாமல் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் பெரிய குமாஸ்தா. உனக்கு அந்தச் சந்தை பழக்கமா? இந்த மாட்டைப் பார்த்திருக்கிறாயா?"

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பா ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றியது. எங்கள் தொழுவில் இரண்டு மாசம் நின்ற மாடு, ஒரு நாளும் வண்டியில் படுத்ததில்லை. அதைக் கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. தரகர்தானே, செய்திருப்பார் என்று ஒரு நொடியில் மனசு முடிவு கட்டிவிட்டது. உடனே அடுத்த நினைப்பு, இது நம்ம மாடு என்று சொன்னால் வேலை போச்சு.

"நோ சார். ஐ ஹேவ் நாட் சீன் திஸ் புல்லக், சார்."

துரை என் முகத்தையே பார்த்தார். நிச்சயமாகவா என்று கேட்டார். என்ன சொல்வது? உள்ளே தேடினேன். பதினாறு பதிலில் மிச்சமிருந்ததில் எது இதற்குப் பொருந்தும் என்று பார்த்தேன். அகப்பட்டதைச் சத்தமாகச் சொன்னேன்.

"ஐ ஆம் ஹானஸ்ட் அண்ட் ஒபீடியன்ட், சார்!"

செவலை எழுந்தது.

சாவகாசமாக எழுந்தது என்று நினைக்காதீர்கள். தீப்பிடித்த மாதிரி எழுந்தது. வாலைப் பிடித்திருந்த தோட்டக்காரர் உட்கார்ந்துவிட்டார். நுகத்தடியையும் கிழட்டு மாட்டையும் பின்னால் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்து நேரே என்னிடம் வந்து, கழுத்தை நீட்டி, என் வலது கையைத் துழாவியது. உள்ளங்கையில் பருத்திக்கொட்டை இல்லை. அதற்குக் கோபம். கோட்டுக் கையை முழங்கை வரைக்கும் வாயில் வாங்கிக்கொண்டு சப்ப ஆரம்பித்தது.

செவலை சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ இதைப் பார்த்ததில்லை" என்றார் துரை மெதுவாக. "சரி. ஆனால் இது உன்னைப் பார்த்திருக்கிறது."

பொய் சொல்லிப் பிடிபட்டால் எப்படி இருக்கும் என்பது எனக்குப் புதுசில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை பிடிபட்டிருக்கிறேன். இது வேறு மாதிரி சுட்டது. ஒரு மாடு, பருத்திக்கொட்டை கொடுத்த கையை மறக்காமல் வந்து நிற்கிறது. நான் அந்தப் பருத்திக்கொட்டைக்குக் காசு சம்பாதித்த அப்பாவை அரை மணி நேரத்துக்குள் இரண்டு தரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இது எங்க மாடுங்கய்யா. எங்க ஐயா மாட்டுத் தரகரு. அவுகதான் கம்பத்துல வித்தாக. நான் பொய் சொல்லிட்டேன்."

"சாரே, இவன் அந்தத் தரகனோட மகனாக்கும்!" என்று பெரிய குமாஸ்தா சந்தோஷத்தோடு இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

வேலை போய்விட்டது என்பது தெரிந்துவிட்டதால் எனக்குப் பயமும் போய்விட்டது. செவலையின் நெற்றியைச் சொறிந்துகொடுத்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் நுகத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. செவலையை இடப்பக்கம் பூட்டியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் இடப்பக்கம் நின்றதில்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், வண்டி மாட்டில் வலத்த மாடு, எடத்த மாடு என்று இரண்டு உண்டு. எந்தப் பக்கம் பழக்கினோமோ அந்தப் பக்கம்தான் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் சில மாடு திமிறும், சில மாடு படுத்துக்கொள்ளும். வலது கையால் எழுதுகிறவருக்கு இடது கையில் பேனாவைக் கொடுத்தது மாதிரிதான்.

"இத யாருண்ணே எடத்த கட்டுனது?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

அவர் பாவம், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "வண்டிக்காரர் ஊருக்குப் போயிட்டாரு தம்பி. எனக்கு ரோசாச் செடிதான் தெரியும். எடது பக்க மாடு செத்துப்போச்சு, அந்த எடத்துல கட்டுன்னு சொன்னாக, கட்டுனேன்."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பெரிய குமாஸ்தா பக்கத்துத் தேயிலைச் செடியில் ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். கிழட்டு மாடு சாது, எந்தப் பக்கமும் போகும். செவலை தன் பக்கத்துக்கு வந்ததும் தானாகக் கழுத்தைக் கொடுத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினேன். இரண்டும் சேர்ந்து நடந்தன. கொட்டகையைச் சுற்றி, ஆபீஸ் முன்பக்கமாக ஒரு சுற்று. முன்னால் தாசில்தார், பின்னால் நாடா பறக்கிற முதுகு, ஒரு கையில் எச்சில் சொட்டச் சொட்ட நான் ஓட்டிக்கொண்டு போனதை டை கட்டியவர் உட்பட நாலு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

திரும்ப அறைக்குப் போனோம். மற்றக் கேள்விகள் எதையும் துரை கேட்கவில்லை.

"நீ பொய் சொன்னாய். மாடு அதைத் திருத்திவிட்டது" என்றார். "இங்கே எல்லா நேரமும் மாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பொய் வராமல் நீயே பார்த்துக்கொள்வாயா?"

தலையை ஆட்டினேன். அந்தத் துண்டைக் கொடு என்றார். கொடுத்தேன். என் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, நான் செய்தது மாதிரியே செய்வதாக நினைத்துக்கொண்டு ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கினார். பெரிய குமாஸ்தா "அய்யோ, சாரே!" என்று கத்தியேவிட்டார். ஐந்து விரல் என்றால் ஐம்பது ரூபாய், பெரிய குமாஸ்தாவுக்கே அவ்வளவு சம்பளம் கிடையாது.

ஒரு நொடி சும்மா இருந்துவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு சொல்லிவிட்டேன், ஒரு விரல் பத்து என்று. துரை ஒரு பாட்டம் சிரித்துவிட்டு ஒவ்வொரு விரலாக விட்டார். மூன்றில் நிறுத்தினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா தொழுவுக்கு முன்னால் நின்று வைக்கோலைக் கயிறாகப் பிரி திரித்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்ததைச் சொன்னேன். ஆத்தா உள்ளேயிருந்து ஓடி வந்து நைந்து கிழிந்திருந்த கோட்டுக் கையைப் பார்த்துவிட்டு, "ஏலே, தொரை கடிச்சுப்புட்டாரா?" என்று பதறினார். எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், இரண்டு பொய்யைத் தவிர. செவலை படுத்தது, நான் மாற்றிக் கட்டியது, துரை துண்டு போட்டது.

"எத்தன வெரலு?" என்றார் அப்பா.

"மூணுயா."

"கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருந்தா நாலு குடுத்திருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஐயா, விக்கிறப்ப அவுககிட்ட வலத்த மாடுன்னு சொன்னீகளா?"

அப்பா பிரியைக் கீழே வைத்தார். "சொல்லாம விக்கிறது எங்கனயாவது உண்டாலே? கண்ணாடி போட்டிருந்தாகளே, அவுககிட்ட மூணு வாட்டி சொன்னேன். அவுகளும் தலைய ஆட்டுனாக. அவுகளுக்கு வெளங்கலையோ என்னமோன்னு, மறக்காம இருக்கட்டும்னு வலது கொம்புல செவப்புத் துணி வேற கட்டிவிட்டேன். நீ பாக்கலையா?"

பார்த்தேன். அந்தக் கொட்டகைக்கு முன்னால் சுட்டிக்கு அடுத்தபடி கண்ணில் பட்டதே அதுதான். என்ன என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா ஏமாற்றியிருப்பார் என்று மட்டும் உடனே தோன்றியது.

நான் துண்டை நீட்டினேன். அதை வாங்கி இரண்டு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பிரியின் நுனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்கன, எம் மகன்னு சொன்னியாலே?"

"சொன்னேன்யா."

சந்தையில் நல்ல விலை படிந்தால் அப்பா ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அதைச் சிரித்துவிட்டு மறுபடி பிரியை எடுத்துத் திரிக்க ஆரம்பித்தார்.

கோட்டை நண்பன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். ஸ்டுடியோக்காரர் ஒரு வாரம் அவனைத் தேடித் தேடித் திட்டினார். இப்போதும் எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்துக் கல்யாணப் படங்கள் மாட்டியிருக்கும். மாப்பிள்ளை கோட்டுப் போட்டு வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார். ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்கும் நண்பனுக்கும் மட்டும் தெரியும்.

அந்த எஸ்டேட்டிலேயே முப்பத்திரண்டு வருஷம் இருந்து பெரிய குமாஸ்தாவாக ஓய்வு பெற்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பையன்களிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். 'சொன்னேன்' என்று அப்பாவிடம் நான் சொன்னது பொய்யில்லை. எனக்கு முன்னால் செவலை சொல்லிவிட்டது என்பதை மட்டும் அவர் இருந்த வரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. எதிரே நிற்கிற பையன் அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்குத் தயங்கினால், நான் அடுத்த கேள்விக்குப் போகாமல் அவனுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பேன், என் இடது கை அதுபாட்டுக்கு வலது சட்டைக் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்.